ஆணி அடிக்காத கதவு

எழுதச் சொன்னீர்கள். எனக்கு எழுத்து அதிகம் வராது. எட்டாம் வகுப்போடு சென்ட்ரிங் வேலைக்குப் போனவன் நான். நியூஜெர்சியில் பழைய கட்டடம் பழுது பார்க்கும் வேலைக்கு நம் ஆட்கள் சிலர் புதிதாக வந்திருக்கிறீர்கள். மரம் இழைப்பது, சுண்ணாம்பு கலப்பது எல்லாம் கம்பெனியில் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. ஒரு சனிக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு மேஸ்திரியைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். மேலே ஆட்கள். கீழே முட்டுக் கட்டைகள். ஒரு முட்டு நழுவுவதை அவர் பார்த்துவிட்டார். கத்தவில்லை. ஏணிப் பக்கம் வந்து நின்று, "டீ வந்துட்டுடே. ஒவ்வொருத்தனா எறங்கி வாங்க" என்றார். டீ வருகிற நேரமே இல்லை அது. ஆனாலும் டீ என்றால் யார் வேண்டாம் என்பான். இறங்கினோம். கடைசி ஆள் மண்ணில் கால் வைத்த பிறகு தளத்தின் ஒரு பக்கம் அப்படியே கீழே வந்தது.

புழுதி அடங்கியதும் ஒருவன் கேட்டான். "டீ எங்க அண்ணாச்சி?"

"இனிமேத்தான் சொல்லணும்" என்றார்.

அவ்வளவுதான். பாடம் எதுவும் நடத்தவில்லை. இனி சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வெஸ்ட் வின்ட்சரிலிருந்து வடமேற்கே போனால் ஒரு சின்ன சந்தை ஊர் உண்டு. சனிக்கிழமை தோறும் பண்ணைக்காரர்கள் தெருவில் கடை போடுவார்கள். அந்தத் தெருக்கோடியில் செங்கல்லில் கட்டிய ஒரு பழைய பாப்டிஸ்ட் ஜெபவீடு. இங்கிலாந்தில் அரசாங்கத்துச் சபையோடு ஒத்துப்போகாமல் கப்பல் ஏறி வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் கட்டியது. அவர்களிலும் கடைசியில் சில கிழவர்கள்தான் மிச்சம். நம் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அதை வாங்கினார்கள். முருகன் கோயில் ஆக்கப் போகிறார்கள் என்று எங்கள் கம்பெனிக்கு வேலை வந்தது. தமிழ் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் கோபுரம் இல்லை, மணிக்கூண்டு இல்லை. முகப்பில் இரண்டு கதவுகள் மட்டும். அந்தக் காலத்தில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. உள்ளே ஒரே பெரிய பெட்டி. சிலுவை கூடக் கிடையாது. கண்ணாடியில் படம் இல்லை. உயரமான ஜன்னல்கள் வழியாக வெறும் வெளிச்சம் வரும். கதவுக்கு எதிர்ச்சுவரின் நடுவில் பிரசங்க மேடை. மற்ற மூன்று பக்கமும் பாதி மாடி போல மரத்தில் கேலரி. மெல்லிய மரத் தூண்கள் அதைத் தாங்கி நின்றன. முகப்புப் பக்கத்துக் கேலரிதான் அகலம். இரண்டு கதவுகளும் அதன் அடியில்தான் திறக்கும்.

டோரத்தி என்று ஒரு அம்மா, அந்தச் சபையின் மிச்சத்தில் ஒருவர், சாவி கொடுக்க வந்தபோது என்னை மேடையருகே நிறுத்தினார். தான் கேலரியின் கடைசிக்குப் போய் மெதுவாக என் பெயரைச் சொன்னார். காதருகே சொன்னது போலக் கேட்டது. நம் கோயில் கண்ணுக்காகக் கட்டுவது. எங்கிருந்து பார்த்தாலும் சாமி தெரிய வேண்டும். அது காதுக்காகக் கட்டினது. எந்த மூலையில் இருந்தாலும் வார்த்தை போய்ச் சேர வேண்டும். அந்தக் கட்டடத்தின் சூட்சுமம் அவ்வளவுதான். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

மேடைக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்னக் கதவு. போதகர் மட்டும் வந்து போகிற கதவு. அதைத் திறந்தால் ஓர் அறை. அறையைத் தாண்டினால் பின்முற்றம். முற்றம் முழுக்கச் சபையாரின் கல்லறைகள்.

கோயில் செயலாளர் சுந்தர். சாஃப்ட்வேர்காரர். நல்ல மனுஷன். அந்தக் கதவைப் பார்த்ததும் முகம் சுருங்கினார்.

"அங்கிள், இத பர்மனென்டா க்ளோஸ் பண்ணிடுங்க. சாமிக்குப் பின்னாடியே கல்லறைன்னா எல்லாருக்கும் ஒரு மாதிரி இருக்கும்."

"தாழ்ப்பாள் போட்டுர்றேன்."

"ப்ளைவுட் வெச்சு ஆணி அடிச்சிடுங்களேன்."

"தாழ்ப்பாள் போதும் தம்பி. முன்னால திரை தொங்கும். யாரு கண்ணுல படப் போவுது."

அவர் ஒத்துக்கொண்டார். முற்றத்துப் பக்கம் மஞ்சள் துணி கட்டி மறைத்தார்கள். நான் ஆணி அடிக்காததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒருவன் மெனக்கெட்டு ஒரு கதவு வைத்திருக்கிறான் என்றால் அவனுக்கு ஏதோ தேவை இருந்திருக்கும். அதை நான் ஏன் சாகடிக்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

பிரசங்க மேடையின் மேல் மரத்தில் கருவறை அமைத்தோம். நடுவில் ஐம்பொன் முருகன். முன்னால் திரை. பின்னால் அந்தக் கதவு. கேலரிக்கு வயதாகிவிட்டது, பிறகு பலப்படுத்தலாம், அதுவரை ஆள் ஏறக்கூடாது என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். படிக்கட்டில் கயிறு கட்டினோம். எங்கள் வேலை முடிந்தது. வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டோம்.

திறப்பு விழா நவம்பரில், ஒரு சனிக்கிழமை. என்னையும் என் மனைவி லட்சுமியையும் அழைத்திருந்தார்கள். வேட்டி கட்டிக்கொண்டு போனேன். சந்தை நாள் என்பதால் கார் நிறுத்த இடமில்லை. முகப்பு வாசல் முழுக்கச் செருப்பு மலை. உள்ளே கூட்டம். பெஞ்சுகளை எல்லாம் எடுத்துவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். தரையில் உட்கார முடியாத பெரியவர்களுக்குப் பின்னால், முகப்புக் கேலரிக்கு அடியில், பிளாஸ்டிக் நாற்காலி. ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள் அத்தனை பேரும் அங்கேதான். லட்சுமிக்கு முழங்கால் வலி. அவளும் அங்கே உட்கார்ந்தாள். டோரத்தி அம்மாவையும் மரியாதையாக அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். யாரோ அவருக்குப் பூ வைத்துவிட்டிருந்தார்கள்.

நாதஸ்வரமும் தவிலும் வெளுத்துக் கட்டின. பிறகு குருக்கள் திரைக்கு வெளியே கை நீட்டிக் காட்டினார். மேளம் நின்றது. சங்கல்பத்துக்காக எல்லோரும் வாயை மூடினார்கள்.

அப்போது கேட்டது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். சின்னதாக ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

வேறு கட்டடமாக இருந்தால் கேட்டிருக்காது.

நிமிர்ந்து பார்த்தேன். முகப்புக் கேலரியின் விளிம்புப் பலகையைச் சுரண்டி வர்ணம் பூசியது நாங்கள்தான். அன்று நூல் பிடித்தது போல நேராக இருந்தது. இன்று நடுவில் தொங்கியது. கயிற்றைத் தாண்டிப் படியில் பாதி ஏறிப் பார்த்தேன். கீழே இருந்த பெஞ்சுகள் எல்லாம் மேலே இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும். மரக்கடை போல இருந்தது.

இறங்கி வந்து சுந்தரை ஓரமாக அழைத்தேன்.

"மேல பெஞ்சை யாரு வச்சா?"

"வாலண்டியர்ஸ்தான் அங்கிள். யாரையும் மேல விடல. பெஞ்சு மட்டும்தான்."

"பழைய மரம் வாங்குறவன் வந்து எடுத்துட்டுப் போவான்னு பேச்சு."

"வந்தான். அத அறுத்து பார்ல கவுண்டர் பண்ணுவானாம். சாமி கும்பிட்ட பெஞ்சு அங்கிள். யாருக்கும் மனசு வரல. அவங்க பாட்டுப் புஸ்தகத்தக் கூட பாக்ஸ்ல போட்டு பத்திரமா மேலதான் வெச்சிருக்கோம்."

அவரை என்ன சொல்வது. கெட்ட புத்தியில் செய்ததில்லை. அடுத்தவர் சாமிக்கும் மரியாதை கொடுத்துச் செய்தது. ஆள் ஏறக்கூடாது என்று இன்ஜினியர் எழுதினார். பெஞ்சு ஏறக்கூடாது என்று எழுதவில்லை. யாருக்குத் தோன்றும்? இந்தத் தொழிலில் கெட்டவன் வைக்கிற பாரத்தை விட நல்லவன் வைக்கிற பாரத்தை அதிகம் பார்த்திருக்கிறேன்.

"கேலரி இறங்குது தம்பி. எல்லாரையும் வெளிய எடுக்கணும். முன் கதவு ஆவாது. அதுக்குக் கீழதான் நடக்கணும்."

"இப்பவா? நல்ல நேரம் இன்னும் வரல அங்கிள். திரையே திறக்கல. வேற வழின்னா அந்தக் கல்லறைக் கதவுதான். சாமிய மிதிச்சுட்டா போவாங்க? எங்கம்மா இதுக்குன்னே மதுரைலேர்ந்து வந்திருக்காங்க."

"அம்மா எங்க உக்காந்திருக்காங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். நாற்காலி வரிசையில் அவருடைய அம்மா லட்சுமியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு நேர் மேலே அந்தப் பலகை. சுந்தர் மேடைப் பக்கம் நடந்தார்.

கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வந்த வழியேதான் ஜனம் ஓடும். நம் ஜனம் செருப்புக்கும் ஓடும். செருப்பு முன்வாசலில் கிடக்கிறது. அத்தனை பேரும் கேலரிக்கு அடியில் போய் முட்டுவார்கள். ஓடுகிற காலின் அதிர்வே அந்தத் தூண்களுக்குப் போதும்.

மேடையேறித் திரையை விலக்கிக் குருக்களிடம் போனேன். உள்ளே வரக்கூடாத ஆள் வந்ததும் அவர் முகம் கடுத்தது.

"என்ன காரியம் இது?"

"சாமி, பின்னால மரம் இறங்குது. கீழ பெரியவங்க உக்காந்திருக்காங்க. இந்தக் கதவு வழியாத்தான் எல்லாரையும் எடுக்கணும்."

அவர் திரை விலகிய சந்து வழியாகக் கேலரியைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. அடுத்த சுள்ளிச் சத்தம் அவருக்கும் கேட்டது.

"இந்தக் கதவுக்கு அந்தாண்ட என்ன?"

"கல்லறை."

ஐம்பொன் முருகனைப் பார்த்தார். கையில் இருந்த பூவைப் பார்த்தார். அவர் என்ன இழக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். நல்ல நேரம் போகும். கருவறைக்குள் ஊரே நடக்கும். நடந்து போய் மயானத்தில் நிற்கும். குருக்களே வழி விட்டார் என்று நாளைக்கு நான்கு பேர் பேசுவார்கள்.

"பயந்துண்டு ஓடினா?" என்று கேட்டார்.

"அதான் சாமி. ஓடக்கூடாது. நடந்து வரணும்."

"தரிசனம்னா நடந்துதானே வருவா" என்றார்.

எனக்கு அந்தப் பழைய மேஸ்திரி நினைவுக்கு வந்தார்.

குருக்கள் தன் கையாலேயே திரையை முழுக்க இழுத்தார். மைக்கை எடுத்தார். "நேரம் மாத்தியிருக்கு. இப்பவே தரிசனம். பின்னாடி நாற்காலில இருக்கற பெரியவா முதல்ல வரணும். மத்தவா உக்காந்த எடத்துலயே இருங்கோ. சாமியத் தாண்டி இந்தப் பக்கமா வெளிய போகணும். யாரும் திரும்பி நடக்கப்படாது."

தவில்காரர் குச்சியை எடுத்தார். குருக்கள் தலையை அசைத்து வேண்டாம் என்றார். மேளம் இல்லாமல் திரை திறந்ததை அந்தத் தவில்காரர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். பெண்கள் பக்கம் யாரோ மெதுவாக ஒரு பாட்டை எடுத்தார்கள். அந்தக் கட்டடம் அதை எல்லா மூலைக்கும் கொண்டுபோனது.

சுந்தர் தாழ்ப்பாளைத் திறந்து முதலில் வெளியே போனார். மஞ்சள் துணியைக் கிழித்து வழி விட்டார். அங்கிருந்தே தீயணைப்புக்குப் போன் செய்தார்.

பெரியவர்கள் எழுந்தார்கள். எப்போதும் போலக் கூட்டம் அவர்களுக்கு வழி விட்டது. அது ஒன்று நம்மிடம் உண்டு. கோயிலில் முண்டியடிப்போம், ஆனால் பெரியவர் முதலில் என்று ஒருவர் சொல்லிவிட்டால் ஒதுங்குவோம். நான் முன்கதவுகளுக்கு நடுவில் போய் நின்றேன். அது கேலரிக்கு அடிதான். யாராவது நிற்கத்தான் வேண்டும்.

ஒருவர் என்னைத் தாண்டப் பார்த்தார். "கார் எடுக்கணும் அங்கிள். ராங் பார்க்கிங். டோ பண்ணி இழுத்துட்டுப் போயிடுவான்."

"பண்ணட்டும்."

"எக்ஸ்கியூஸ் மீ?"

"சாமிய பாத்துட்டு அந்த வழியா போங்க. கார் எங்கயும் போவாது. போனாலும் வரும்."

என் முகத்தில் என்ன கண்டாரோ, திரும்பிவிட்டார்.

லட்சுமி எழுந்து நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். "செருப்ப எடுத்துக்கிடுதேன். வெளிய குளிரு."

"நட."

"எதுக்கு இப்படி வெரட்டுதீய?"

அவள் என்னோடு வாழ்ந்தவள். மேலே ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுந்தரின் அம்மா ஒரு கை, டோரத்தி அம்மா ஒரு கை என்று பிடித்துக்கொண்டு நடந்தாள். வலிக்கிற முழங்காலோடு. திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு கேலரிப் பக்கத்திலிருந்து வரிசை வரிசையாக எழுப்பினோம். ஒவ்வொருவரும் முருகன் முன்னால் நின்று கும்பிட்டார்கள். குருக்கள் யாரையும் அவசரப்படுத்தவில்லை. திருநீறு கொடுத்தார். சிலருக்குக் கண்ணீர் வந்தது, அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்று. அதற்குள் பலகை இன்னும் இறங்கியிருந்தது. பார்க்கக்கூடாது என்று தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிசை போனதும் நானும் நடந்தேன். குருக்கள் முருகனைத் துண்டில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார்.

வெளியே எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். பட்டும் வேட்டியும் கட்டிக்கொண்டு, நவம்பர் குளிரில், கல்லறைக் கற்களுக்கு நடுவே. அப்போதுதான் என்ன நடந்தது என்று ஒவ்வொருவருக்கும் தெரிய வந்தது. குழந்தைகள் கற்களில் இருந்த பெயர்களை வாசித்தன.

டோரத்தி அம்மா ஒரு கல்லின் மேல் கை வைத்து நின்றார். அவருடைய கணவருடையது. என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தும் போதகரின் கதவு வழியாக ஒரு நாளும் வெளியே வந்ததில்லையாம். சுந்தரின் அம்மா அவர் பக்கத்தில் போனார். பாஷை கிடையாது. கல்லைப் பார்த்தார், டோரத்தியைப் பார்த்தார். தன் நெற்றியில் இருந்த திருநீற்றைக் கொஞ்சம் தொட்டு அந்தக் கல்லில் வைத்தார். தீட்டு என்று யாராவது முணுமுணுத்திருந்தாலும் அதற்கப்புறம் எனக்குக் கேட்கவில்லை.

தீயணைப்புக்காரர்களும் டவுன் ஆபீஸ்காரர்களும் வந்து, யாரும் நுழையக்கூடாது என்று கட்டடத்தில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். செருப்பு எடுக்கக் கூட விடவில்லை. அத்தனை பேரும் வெறுங்காலோடு டிரைவ் பண்ணி வீட்டுக்குப் போனார்கள்.

இனிதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

கேலரி விழவில்லை.

அன்று விழவில்லை, மறுநாளும் விழவில்லை. எங்கள் ஆட்கள் போய் முட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. அவசரப்பட்டுவிட்டார்கள். நல்ல நேரத்தைக் கெடுத்துவிட்டார்கள். ஒரு மரச் சத்தத்துக்குப் பயந்து சாமியைச் சுடுகாட்டில் நிறுத்திவிட்டார்கள். சுந்தரைக் கமிட்டியில் கேள்வி கேட்டார்கள். குருக்களோடு சிலர் பேசவில்லை. இன்ஜினியரிடம் நானே கேட்டேன். தூணின் அடி தரைக்குக் கீழே மக்கியிருந்தது, அன்று மத்தியானமே போயிருக்கலாம், பத்து வருஷம் நின்றிருக்கவும் செய்யலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனுஷன். எனக்கு அது போதவில்லை. ஆனால் அதற்கு மேல் இல்லை.

மேஸ்திரிக்குத் தளம் விழுந்தது. அவர் சரி என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். எங்களுக்கு விழவில்லை. இந்தத் தொழிலில் பெரும்பாலும் விழாது. நீங்கள் சரியாக முடிவெடுத்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யாருக்கும் காட்ட முடியாது. அதோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கப் பழக வேண்டும். முடியாது என்றால் வேறு வேலை பாருங்கள். தப்பில்லை.

குருக்களிடம் ஒரு தடவை கேட்டேன், வருத்தம் உண்டா என்று.

"அன்னிக்கு வந்த பெரியவா எல்லாரும் நன்னா இருக்காளோன்னோ?" என்றார்.

"இருக்காங்க."

"பின்னே என்ன நேரம் வேணும்?"

தூணுக்கு அடி மாற்றினோம். பெஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினோம். ஒன்றை டோரத்தி அம்மா வீட்டுக்கு எடுத்துப் போனார். மீதியைச் சுவர் ஓரமாகப் போட்டோம். முழங்கால் வலிக்காரர்கள் இப்போது அதில்தான் உட்காருகிறார்கள். வசந்தத்தில் மறுபடி நாள் பார்த்து முருகனை வைத்தார்கள். அன்று தரிசனம் முடிந்ததும் குருக்கள் யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார். ஜனம் அந்த வழியாகத்தான் போனது. இப்போதும் விசேஷ நாளில் அந்த வழிதான். மஞ்சள் துணியைத் திரும்பக் கட்டவில்லை. புதிதாக வரும் குடும்பங்கள் இது ஏதோ ஆகம விதி என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு இனி உங்களிடம் வருகிறது. குளிர்காலத்தில் பின்கதவு வழியாகக் காற்று வரும். மூடிவிடச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள். காரணமும் நியாயமாக இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். சந்துக்கு ரப்பர் ஒட்டுங்கள். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுங்கள். ஆணி அடிக்காதீர்கள்.